ஜூலியின் இடது கண்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை 7.50-க்குக் கால்நடை மருந்தகத்தின் பூட்டைத் திறந்தேன். தடுப்பூசிகள் வைத்திருக்கும் குளிர்பெட்டியில் ஐந்து டிகிரி, பதிவேட்டில் எழுதினேன். எட்டு மணிக்கு மடி வீங்கிய ஒரு பசு. எட்டு இருபதுக்கு ஒரு நாய்க்குத் தையல் பிரித்தேன். அதன்பிறகு ஒரு பெண் கூடையில் இரண்டு கோழிகளைக் கொண்டுவந்து, ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லை, இன்னொன்று துணைக்கு வந்தது என்றார். அதுவரை எல்லாச் செவ்வாய்க்கிழமைகளையும் போலத்தான் இருந்தது.

8.40-க்கு வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. தாஸ் தன் குதிரையை நடத்திக் கூட்டிவந்திருந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுபவர் அவர், வயது இருபத்தெட்டு. எங்கள் மருந்தகம் நெம்மேலிக்கு வடக்கே. மாமல்லபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஆறு மணிக்கே கிளம்பியிருக்கிறார். குதிரையின் பெயர் ஜூலி. சாம்பல் நிறப் பெட்டை, எட்டு வயது. அதன் இடது கண்மேல் ஈரத் துண்டு கட்டியிருந்தது.

"கண்ணு வெள்ளையா பூட்ச்சி மேடம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

துண்டை அவிழ்த்தேன். மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை, இதே கண்ணை நான் பார்த்திருந்தேன். அன்று நீர் வடிந்தது, இமை பாதி மூடியிருந்தது, அவ்வளவுதான். இப்போது கருவிழி முழுவதும் நீலம் கலந்த வெள்ளை. நடுவில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஓரிடம் பள்ளமாகி, குழைந்த கஞ்சியைப் போல இளகியிருந்தது. கருவிழி உருகுகிறது என்று இதைச் சொல்வோம். உருகத் தொடங்கிய கருவிழி ஒரே நாளில் ஓட்டையாகிவிடலாம். ஓட்டையானால் அந்தக் கண் முடிந்தது.

என் கையை இடது பக்கத்திலிருந்து கண்ணை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனேன். பார்வையுள்ள குதிரை இமைக்கும், அல்லது தலையை இழுக்கும். ஜூலி இரண்டும் செய்யவில்லை.

"ஒரு கண்ணு போச்சுன்னா இத வெச்சி நான் இன்னா மேடம் பண்றது?" என்றார் தாஸ். "அந்தப் பக்கம் பலூன்காரன் வந்தாகூட அதுக்குத் தெரியாது. மெரளும். மேல எவனோ பெத்த புள்ள குந்திகினு இருக்கும். நான் ஏத்த மாட்டேன். வித்துடுன்றானுங்க. வாங்க வர்றவன் இன்னாத்துக்கு வாங்கறான்னு எனக்குத் தெரியாதா?"

இந்த ஆண்டு கால்நடை மருத்துவர்களாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதும்போது, ஆறு வருடங்கள் கழித்தும் எனக்குக் கோபம் தணியவில்லை. விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அன்றைய நாட்குறிப்பைத் திறந்து வைத்து எழுதுகிறேன். யார் யார்மேல் கோபம் என்பதை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆள் நான்.

சனிக்கிழமைக்குப் போகிறேன். அன்று மருந்தகத்தில் முகாம். உயர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றரை மணிக்கு வந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினார். அதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட ஆடுகள் பந்தலுக்குள் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். அந்த நெரிசலில் ஒன்றே கால் மணிக்குத் தாஸ் ஜூலியோடு வந்தார். கடற்கரையோரத் தோப்பில் கட்டியிருந்தபோது காய்ந்த சவுக்கு ஊசி கண்ணில் குத்தியிருக்கலாம் என்றார்.

"எத்தனை நாளா?"

"செவ்வாக்கெழமையில இருந்து மேடம்."

"நாலு நாளா! நாலு நாளா என்ன பண்ணிட்டு இருந்தே? உன் கண்ணுல குத்தியிருந்தா நாலு நாள் சும்மா இருப்பியா? வெயில்ல ஓட்டிச் சம்பாதிக்க மட்டும் தெரியுதுல்ல?"

தாஸின் வலது கை சட்டைப் பைக்குப் போனது. கைபேசியை எடுக்கிறார் என்று நினைத்தேன். அது என்னை இன்னும் சீண்டியது.

"நான் பேசிட்டு இருக்கேன், போனை எடுக்காதே!"

கை இறங்கிவிட்டது. கண்ணில் கிருமிக்கொல்லிக் களிம்பு போட்டேன். ஒரு குழாய் கையில் கொடுத்து, மூன்று வேளை போடு, சரியாகாவிட்டால் வா என்றேன். பதிவேட்டில் "இடது கண், நீர் வடிதல், களிம்பு" என்று எழுதினேன். அதிகாரியின் வண்டி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நான் ஓடினேன்.

இதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். வெயிலில் பத்து கிலோமீட்டர் நடந்து வந்தவரை 'நீ' என்று சொல்லித் திட்டினேன். மூன்றரை மணி நேரம் தாமதமாக வந்தவருக்கு நாற்காலி துடைத்துப் போட்டேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே வாயால், ஒரே கையால்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு சாயத்தாள். கண் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது அன்றாடப் பொருள். நனைத்துக் கண்ணில் தொட்டால், புண் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கும்; நீல வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையாக ஒளிரும். புண் எவ்வளவு அகலம், எங்கே ஓரம் என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை அது இருந்திருந்தால் அன்றே புண் தெரிந்திருக்கும். எங்கள் மருந்தகத்துக்கு அது வழங்கப்படவே இல்லை. தேவைப் பட்டியலில் வருடா வருடம் எழுதினேன். "பயன்பாடு குறைவு" என்று அடித்துத் திருப்பினார்கள். இல்லாத பொருளின் பயன்பாடு எப்படிக் கூடும் என்று நான் கேட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

மருந்தகத்துக்கு அடுத்து, ஒரே மதில்சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அங்கே செவ்வாய்தோறும் ஒரு கண் மருத்துவ உதவியாளர் வருவார். நான்கு ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்பார். அதனால் இங்கேயும் போடவில்லை. மதில்சுவரை ஒட்டி ஒரு சின்னக் கதவு உண்டு. ஜூலியை அந்தக் கதவருகே நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நடையில் வரிசை. பெரும்பாலும் வயதான பெண்கள். கண்புரைக்குப் பேர் கொடுக்க வந்தவர்கள், அறுவை முடிந்து காட்ட வந்தவர்கள். கதவு வழியாக ஜூலியின் தலை தெரிந்ததும் வரிசை கலகலத்தது.

"இன்னாடி இது, குதிர வந்துகீது!"

"அதுக்கும் கண்ணாடி குடுப்பாங்களாம். மூக்கு நீளமா கீது, நல்லா நிக்கும்."

உதவியாளரிடம் மூன்று வாக்கியங்களில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாயத்தாள் ஒன்றையும் நீல விளக்கையும் எடுத்தார். பிறகு வரிசையைப் பார்த்து நின்றார்.

"பத்து நிமிஷம் ஆகும்மா. நீங்க வேணாம்னா நான் போகல."

முதல் எண் சீட்டைக் கையில் வைத்திருந்தவர் கன்னியம்மா என்ற பெண்மணி. திருவிடந்தையிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"கொட்டாவி வுட்டுகினு ரெண்டு மணி நேரமா குந்திகினு கீறோம். இன்னும் பத்து நிமிஷத்துல எங்க கண்ணு ஓடியா பூடும்? போ நைனா. ஆனா திரும்பி வந்து எனக்குத்தான் மொதல்ல."

"ஓபி சீட்டு போடணுமே. யார் பேர்ல போடறது?" என்று சிரித்தபடி கிளம்பினார் உதவியாளர்.

வெளியே வந்தார். கையுறை போட்டுக்கொண்டார். ஜூலியின் கண்ணருகே போகவில்லை. தாஸின் முன்னால் போய் நின்று, உள்ளங்கையை நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நீட்டியபடி நின்றார்.

தாஸ் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு சின்ன வெள்ளைப் புட்டியை எடுத்து அதில் வைத்தார். கண் சொட்டு மருந்து. கால்வாசி மீதி இருந்தது.

"யாருக்குக் குடுத்தது?"

"அம்மாவுக்கு சார். தீபாவளிக்கு முன்னாடி பொர எடுத்தாங்க. இத வுட்டதும் அதுக்குக் கண்ணு பளிச்சுனு ஆச்சி. அதான் ஜூலிக்கும்..."

"எத்தனை நாளா?"

"குத்துன அன்னிக்கே ஆரமிச்சிட்டேன். டெய்லி நாலு வாட்டி. மேடம் குடுத்த களிம்பு போட்டுட்டு, அதுக்கு மேல இத வுடுவேன்."

கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுக்கும் அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறது. அறுவை செய்த கண்ணில் வீக்கத்தைக் குறைக்க அது வேண்டும். திறந்த புண்ணில் விட்டால் புண்ணை ஆறவிடாது. கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். சிவப்பு உடனே குறையும், வலியும் கொஞ்சம் குறைந்ததுபோல இருக்கும். அதனால் கொடுப்பவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போகும். தாஸ் சும்மா இருக்கவில்லை. ஏழு நாளாக, ஒரு வேளை தவறாமல், தன் தாய்க்குப் பார்வை கொடுத்த மருந்தைத் தன் குதிரைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதைச் சனிக்கிழமையே ஏன் சொல்லல?" என்றேன். என் குரல் மறுபடியும் உயர்ந்துவிட்டது.

"அன்னிக்கே காட்டலாம்னுதான் எடுத்தேன் மேடம். நீங்கதான் போன எடுக்காதன்னீங்க."

கதவுக்கு உள்ளே வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டாக்டரம்மா வாயப் பாத்தா குதிரையே பதில் சொல்லாது."

யாரும் சிரிப்பை அடக்கவில்லை. நான் அதற்குத் தகுதியானவள்தான்.

உதவியாளர் ஒன்று சொன்னார். மருந்தகச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்; பிறகு நாட்குறிப்பில் எழுதியதோடு விட்டேன்.

"ஒண்ணும் ஊத்தாத கண்ணுன்னு ஒண்ணு இதுவரைக்கும் என்கிட்ட வந்ததில்ல டாக்டர். தாய்ப்பால், வெங்காயச் சாறு, பக்கத்து வூட்டு மருந்து, ஏதோ ஒண்ணு. 'எதனா ஊத்தினியா'ன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க. நாம கேக்கற கேள்வியிலயே அடி இருக்குது. அதனால நான் கேக்கறத விட்டுட்டேன்."

பிறகு அந்தப் புட்டியை உயர்த்திப் பிடித்து வரிசையைப் பார்த்தார். "இது இன்னும் யார் யார் வூட்ல கீதுமா?"

ஆறு கைகள் உயர்ந்தன. அறுவை முடிந்து வருடக்கணக்கானவர்களும் இருந்தார்கள். தீர்ந்தால் மருந்துக்கடையில் காலிப் புட்டியைக் காட்டினால் அதே மருந்தைக் கொடுக்கிறார்களாம்; சீட்டு யாரும் கேட்பதில்லையாம். கன்னியம்மா தன் பேத்திக்குக் கண் சிவந்தபோது இரண்டு நாள் விட்டதாகச் சொன்னார். உதவியாளரின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். "அந்தப் புள்ளைய நாளைக்கே இட்டுகினு வா. நான் எங்க இருந்தாலும் அங்க வா" என்றார்.

கண்புரை முகாம் நடத்துகிறவர்களுக்கு மேடை உண்டு, பதாகை உண்டு, எத்தனை கண் என்ற கணக்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது "இந்த நாளோடு இதைக் குப்பையில் போடுங்கள், வேறு எந்தக் கண்ணுக்கும் கொடுக்காதீர்கள்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லிப் பார்த்தேன். ஆறு நொடி.

சாயம் வைத்துப் பார்த்தார். நீல வெளிச்சத்தில் ஜூலியின் கருவிழி நடுவே பச்சை வட்டம் ஒளிர்ந்தது. நான் நினைத்ததைவிட அகலம். ஆனால் ஆழத்தின் அடியில் இன்னும் ஒரு மெல்லிய சுவர் மிச்சம் இருந்தது. "இன்னும் உடையல. உடைய விடக்கூடாது" என்றார்.

அப்போதுதான் சுகாதார நிலைய மருத்துவர் வெளியே வந்தார். இளைஞர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"என்ன மேடம் இது? இது மனுஷங்க ஆஸ்பத்திரி. நாளைக்கு ஒரு பாட்டி கண்ணுல இன்ஃபெக்‌ஷன் வந்தா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதிக்கு உதவியாளர் முன்பே வழி செய்திருந்தார்: பரிசோதனை வெளியே, தாள் புதியது, விளக்கு அவருடைய சொந்த விளக்கு, கையுறை குப்பைக்கு. இதைச் சொன்னேன். மருத்துவர் கேட்கவில்லை. "உங்க டிபார்ட்மெண்டுக்கு நான் ரிப்போர்ட் பண்ணுவேன்" என்றார். பண்ணினார். ஆறு வீடுகளில் அந்தப் புட்டி இருக்கிறது என்று வரிசையில் கை தூக்கிச் சொன்னார்களே, அதைப் பற்றி அவர் யாருக்கும் அறிக்கை எழுதவில்லை.

பத்து மணிக்குள் எனக்குத் தொலைபேசி வந்துவிட்டது. சனிக்கிழமை வந்த அதே அதிகாரி.

"குதிரையெல்லாம் நம்ம டார்கெட்லயே இல்லயேம்மா. பாலும் இல்ல, உழவும் இல்ல. எதுக்கு வம்பு? மே.சி.ப. போட்டு அனுப்பிடுங்க."

மே.சி.ப. என்றால் 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டது'. பணிக்கு வந்த முதல் மாதத்திலேயே இந்த மூன்று எழுத்துகளை உங்களுக்கும் கற்றுக்கொடுத்திருப்பார்கள். பதிவேட்டில் அதை எழுதிவிட்டால் விலங்கு நம் கணக்கிலிருந்து போய்விடும். அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியில் செத்ததா, திரும்ப வீட்டுக்கே போனதா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையிலேயே மேல்சிகிச்சை தேவைப்பட்ட விலங்குகளும் உண்டு. அவற்றுக்கு அதை எழுதுவது கடமை. நானும் எழுதியிருக்கிறேன். எல்லாமே கடமையால் எழுதியவை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

"சார், சென்னை அம்பது கிலோமீட்டர். சரக்கு வண்டியிலதான் ஏத்தணும். மண்டையை ஒரு தடவை கம்பியில் இடிச்சாப் போதும், கண் உடைஞ்சிடும்."

"உடையட்டும்மா. நம்மகிட்ட உடையக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

இந்த வாக்கியத்தை அவர் சொன்ன நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். 9.52. முப்பது வருடப் பணியில் நான் கேட்ட மிக நேர்மையான உத்தரவு அது.

ஆனாலும் முடிவு சுலபமாக இருக்கவில்லை. நான் கண் நிபுணர் இல்லை. உருகும் கருவிழியை அதற்கு முன் ஒரே ஒரு முறை, ஒரு காளைக்குப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண் போய்விட்டது. அனுப்பி, கண் வழியில் உடைந்தால் பழி சாலைக்கு. வைத்துக்கொண்டு உடைந்தால் பழி எனக்கு. கோபத்தில் முடிவெடுக்கிறேனா, கண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் சென்னையில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தியை அழைத்தேன். பெரிய விலங்குகளின் கண் அறுவை அவளுடைய வேலை. கருவிழியின் படம் அனுப்பினேன். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு, "இன்னிக்கு வண்டியில ஏத்தாதே. அதோட ரத்தத்துல இருந்தே சீரம் எடுத்து மணிக்கு ஒரு தடவை விடு. நாளைக்குக் காலையில ஆழம் கூடலன்னா அங்கயே வெச்சுக்கோ. கூடினா என்னைக் கூப்பிடு, நானே வரேன்" என்றாள்.

இதுதான் உண்மையான மேல்சிகிச்சைப் பரிந்துரை. ஒரு தொலைபேசி அழைப்பு, நான்கு நிமிடம்.

தாஸிடம் போய் நின்றேன். "சனிக்கிழமை நான் பேசினது தப்பு. நீங்க சும்மா இருக்கல. நான்தான் கேக்கல" என்றேன்.

அவர் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "வுடுங்க மேடம். பேஜாரு. இப்ப இன்னா பண்ணணும், அத சொல்லுங்க."

ஜூலியின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்தேன். குழாய்களை அசையாமல் நிறுத்தி வைத்தால் ரத்தம் உறைந்து கீழே இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் சீரம். கருவிழியை உருக்கும் பொருளைத் தடுக்கும் சக்தி அதில் இருக்கிறது. செலவில்லாத மருந்து. எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சாக்குத் துணி கட்டி இருட்டாக்கினோம். பன்னிரண்டு மணிக்கு முதல் சொட்டு. அதோடு கிருமிக்கொல்லிச் சொட்டு, வலிக்கு ஊசி.

பதிவேட்டில் மே.சி.ப. எழுதவில்லை. "கருவிழி உருகுதல். காரணம்: மனிதருக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு, ஏழு நாள். சனிக்கிழமை கால்நடை மருத்துவர் விசாரிக்கத் தவறினார். சிகிச்சை தொடர்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற துறையின் சேவையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. இரண்டு பக்கம் பதில் எழுதினேன். கண் மருத்துவ உதவியாளருக்கும் வந்தது. அவர் இரண்டே வாக்கியம் எழுதினார்: "அன்று ஜூலி என்ற நோயாளியைப் பார்த்தேன். கண்ணில் புண் இருந்தது." அடுத்த மாதம் முதல் அவருடைய செவ்வாய்க்கிழமை வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டது. கன்னியம்மாவும் மற்றவர்களும் அதன்பிறகு இரண்டு பேருந்து மாறித் திருப்போரூர் போக வேண்டியிருந்தது. தண்டனை கொடுத்தவர்களுக்கு அது யார்மேல் விழுந்தது என்று தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் கேட்கவும் இல்லை.

ஆகவே, புதிதாக வந்திருக்கும் நண்பர்களே, கோபப்பட வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த வேலையில் கோபம் வராதவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அதை எந்தத் திசையில் வைக்கிறீர்கள் என்று தினமும் பாருங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம் கோபப்படுவது சுலபம். அவர் குறிப்பாணை அனுப்ப மாட்டார். நீங்கள் கத்திவிட்டால் அவர் தன் சட்டைப் பையில் இருப்பதை வெளியே எடுக்கவும் மாட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணில் மாற்றம் இல்லை. மோசமாகவும் இல்லை, நன்றாகவும் இல்லை. தாஸ் கொட்டகையில் தங்கினார். சொட்டு விடும் முறையை அவர் எனக்கு மூன்று தடவை செய்து காட்டினார். மூன்றும் சரியாக இருந்தன. கடற்கரையில் அவரோடு சவாரி விடும் ஒருவர் பரோட்டா வாங்கிவந்து கொடுத்துவிட்டு, "மச்சான், பொண்டாட்டிக்குக்கூட நீ இப்டி முழிச்சதில்லடா" என்று சொல்லிவிட்டுப் போனார். தாஸ் பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது.

மார்ச் 13, புதன்கிழமை. காலை 5.50-க்கு வந்தேன். மருந்தகத்தைத் திறக்காமல் நேராகக் கொட்டகைக்குப் போனேன். தாஸ் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தூணில் கரிக்கோடுகள், மணிக்கு ஒன்று.

"ஒரு வாட்டிகூட தவறல மேடம்."

விளக்கடித்துப் பார்த்தேன். பள்ளம் ஆழமாகவில்லை. கஞ்சி போல இளகியிருந்த ஓரம் கொஞ்சம் இறுகியிருந்தது. சொட்டு விடுவதற்கு முன் பார்வையைச் சோதிக்க வேண்டும். கையை வீசினால் அந்தக் காற்றுப் பட்டே குதிரை இமைக்கும். நாம் பார்வை என்று ஏமாந்துபோவோம். அதனால் ஓர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையைக் கண்ணுக்கு முன்னால் தாஸைப் பிடிக்கச் சொன்னேன். அதற்கு இந்தப் பக்கமிருந்து, இடது புறமாக, என் கையைக் கொண்டுபோனேன்.

முதல் முறை ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை இமை அசைந்ததா என்று எனக்கே உறுதியில்லை. மூன்றாவது முறை ஜூலி தலையை வெடுக்கென்று இழுத்து ஓர் அடி பின்வாங்கியது.

"பாத்துச்சி மேடம்! உங்க கையப் பாத்துச்சி!"

"கத்தாதீங்க, இருங்க" என்றேன். இன்னும் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இழுத்தது. அதற்குப் பிறகுதான் ஆறு மணிச் சொட்டை விட்டேன்.